நாலு ஓடு குறைவு

சனிக்கிழமை வானொலி சொல்லி முடித்தபோது
என் கையில் எழுபத்தைந்து கியாட் தாள் ஒன்று.
அப்போதுதான் ஙாப்பிக் கடையிலிருந்து வந்தது,
வாடைகூட விடவில்லை.
செல்லாது என்றார்கள்.
இருபத்தைந்தும் முப்பத்தைந்தும் கூடவே போயின.
மாற்றியும் தரமாட்டார்களாம்.

மௌல்மீனில் அன்று பெரிதாக யாரும் கத்தவில்லை.
ஆற்றங்கரை மில்லில் மூட்டை எண்ணிக்கொண்டிருந்தவர்கள்
எண்ணுவதை நிறுத்தினார்கள், அவ்வளவுதான்.
என் மூன்று மாதச் சம்பளம்
தகரப்பெட்டிக்குள் ரப்பர் வளையம் போட்டபடி
படுத்திருந்தது.

மேல் தாளின் எண்
1022117.
அதை ரத்து செய்ய வானொலி மறந்திருந்தது.

நான் மில் கணக்குப்பிள்ளை, பெயர் தெய்வயானை,
சம்பளப் பேரேட்டில் மா தேய்ன்.
மெழுகுவர்த்தியை ஒட்டவைத்தேன்.
பழைய பேரேட்டின் பின்பக்கம் காலியாகத்தான் கிடந்தது.
இது எதால் வகுபடும், பார்ப்போம்.

மூன்று: மீதி இரண்டு.
ஏழு: மீதி ஐந்து.
பதினொன்று: மீதி எட்டு.
பதின்மூன்றிலும் அதே ஐந்து,
பல்லில் சிக்கிய பாக்குத்தூள்போல.

வர்க்கமூலம் ஆயிரத்துப் பத்தைத் தாண்டுகிறது,
பதினொன்றைத் தொடவில்லை.
அதுவரை உள்ள பகா எண்களை எல்லாம்
ஒவ்வொன்றாகக் கேட்டாக வேண்டும்.
இரவுக்குப் பத்து என்று வைத்துக்கொண்டேன்.
அதற்குமேல் மெழுகு கட்டுப்படியாகாது.

பகலில் அரிசிக்குப் பதில் உப்பு, உப்புக்குப் பதில் விறகு.
என் தங்கை கொலுசைக் கழற்றிப் பருப்பு வாங்கினாள்.
இரவில் நான் வகுத்தேன்.
ஐந்நூறைத் தாண்டினேன், உடையவில்லை.
எண்ணூறு, உடையவில்லை.
எனக்கு ஒரு பெருமை வந்துவிட்டது,
ஏதோ நானே பெற்ற பிள்ளைபோல:
யாராலும் பங்குபோட முடியாத ஒன்று
என் பெட்டியில் இருக்கிறது.

தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றேழு: மீதி நூற்றுத் தொண்ணூற்றிரண்டு.
நூற்று அறுபத்தெட்டுப் பேரும் கைவிரித்தாயிற்று.
வரிசையில் ஒரே ஒரு ஆள் பாக்கி.
பேருக்குத்தான் போட்டேன்.

1009.
மீதி இல்லை.

மறுபடி போட்டேன். மீதி இல்லை.
ஆயிரத்து ஒன்பது தரம் ஆயிரத்துப் பதின்மூன்று.
பதினேழு இரவு.

மறுநாள் புதுத் தாள் வந்தது,
நாற்பத்தைந்து, தொண்ணூறு.
இலக்கங்களைக் கூட்டினால் இரண்டிலும் ஒன்பது;
யாருக்கோ ஒன்பதுதான் ராசியாம், தெருவில் பேச்சு.
என் எண்ணைக் கூட்டினேன்: பதினான்கு, பிறகு ஐந்து.
ராசி இல்லாதது.

பக்கத்து வீட்டு மரிய செபஸ்தியான் ஓடு பதிக்கிறவன்,
தெருவுக்குக் கோ ஞோ.
முட்டி தேய்ந்தவன், சாய்ந்து சாய்ந்து வந்தான்.
பேரேட்டைக் காட்டினேன்.
நூற்று அறுபத்தெட்டு மீதிகளை அவன் பார்க்கவில்லை,
விடையைத்தான் பார்த்தான்.

"நடுவில் ஆயிரத்துப் பதினொன்று.
சதுரத் தளம், பக்கத்துக்கு அத்தனை ஓடு.
மூலையில் மட்டும் இரண்டுக்கு இரண்டு குறைகிறது.
ஓரத்து இரண்டு வரிசையைப் பெயர்த்து
அந்தண்டைப் பக்கம் ஒட்டு.
முடிந்தது.
நாலைக் கூட்டிப் பார்த்திருந்தால்
முதல் ராத்திரியே தூங்கியிருப்பாய்."

கூட்டினேன்.
1022121.
முழுச் சதுரம், ஓர் ஓடுகூடப் பிசகவில்லை.

எனக்குக் கோபம்தான் வந்தது.
நாலு. வெறும் நாலு.
அந்த மூலையைத் தவிர
எல்லா இடத்திலும் தேடியிருக்கிறேன்.

அவன் தாளை எடுத்து முகர்ந்தான்.
"எண்ணை நீ எழுதி வைத்திருக்கிறாய் இல்லையா,
காகிதம் எனக்கு."
எட்டாக மடித்தான்.
அவன் வீட்டு மேசைக்கு ஒரு கால் குட்டை.

நேற்று அங்கே தேநீர் குடித்தேன்.
கோப்பை ஆடவில்லை.